தங்கிப் பார்த்தவனுக்கே ஊர் முகம் காட்டும்

எங்கள் நொய்யல் கரை ஊர்களுக்குக் கேமராவோடு வருகிற இளைஞர்கள் இப்போது அதிகம். கோயம்புத்தூரிலிருந்து வருகிறார்கள், சென்னையிலிருந்து வருகிறார்கள், கடல் தாண்டியும் சிலர் வருகிறார்கள். திருப்பூர் டவுனில் பல காலம் ஸ்டுடியோ நடத்திவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவன் நான் என்பதால், ஊர்க்காரர்கள் அவர்களை என் வீட்டுக்குக் கைகாட்டிவிடுவார்கள். வந்த பிள்ளைகளுக்கு முதலில் மோர், பிறகு பேச்சு. அவர்களைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. நான் செய்த தொழிலை என்னைவிட நன்றாகச் செய்யப்போகிறவர்கள் அவர்கள்.

ஆனால் பெரும்பாலோர் காலையில் வந்து சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கொண்டுபோகிற படங்களும் அநேகமாக இரண்டுதான். ஒன்று, ஆற்றில் மிதக்கும் நுரை. இன்னொன்று, தையல் மெஷின் முன்னால் தலை குனிந்திருக்கும் பெண். இரண்டும் பொய்யில்லை. இரண்டையும் சேர்த்து வைத்தாலும் எங்கள் ஊர் வராது, அவ்வளவுதான்.

அதனால் அவர்களிடம் நான் சொல்வது ஒன்றே ஒன்று: தங்குங்கள்.

கலைஞர்களை ஓர் ஊரில் தங்கவைக்கும் ஏற்பாட்டுக்கு ரெசிடென்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஓர் அறை, சாப்பாடு, கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்துச் சில மாதம் ஓரிடத்தில் இருந்து வேலை செய்யச் சொல்வார்கள். மேல்நாட்டில் பழைய பழக்கம். நம் நாட்டிலும் வந்துவிட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த ஏற்பாட்டால் அறையை மட்டும்தான் கொடுக்க முடியும். ஊரைக் கொடுப்பது ஊர்க்காரர்கள் கையில் இருக்கிறது. அதை அவர்கள் யாருக்குக் கொடுக்கிறார்கள், எப்போது கொடுக்கிறார்கள் என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன். படம் எடுக்காதவர்களும் படிக்கலாம். வாத்தியார், டாக்டர், அதிகாரி, புது மருமகள் என்று அடுத்தவர் வாழ்க்கைக்குள் போய் நிற்க வேண்டிய எல்லோருக்கும் இது பொருந்தும்.

பத்து மணிக்கு வந்தவன் பார்க்காத ஊர்

ஊத்துக்குளிக்கும் காங்கேயத்துக்கும் நடுவே உள்ள ஒரு கிராமத்துக்குக் காலை பத்து மணிக்கு வந்து இறங்கினால் என்ன தெரியும்? கிளுவை வேலி போட்ட கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம், அதில் நாலு மாடு. வேப்ப மரத்தடியில் இரண்டு பெரியவர்கள். பால்வாடியில் குழந்தைகள் சத்தம். 'கிராமம் காலியாகிவிட்டது' என்று படத்துக்குக் கீழே எழுதிவிடத் தோன்றும்.

அந்த ஊர் காலியாகவில்லை, வேலைக்குப் போயிருக்கிறது. ஏழு, ஏழரைக்கெல்லாம் ரேஷன் கடை முக்கில் கம்பெனி வேன்கள் வரிசையாக வந்து ஹாரன் அடிக்கும். ஒயர் கூடையில் தூக்குப்போசி, ஒரு கையில் சீப்பு, வாயில் ஹேர்பின் என்று பெண்கள் ஓடிவந்து ஏறுவார்கள். எட்டரைக்கு ஷிப்ட். ஆர்டர் நெருக்கடி இருந்தால் ஒன்றரை ஷிப்ட் ஓடி ராத்திரி எட்டரைக்குத்தான் விடுவார்கள். வேன் திரும்பி ஊருக்குள் வரும்போது ஒன்பதரை ஆகும். அதற்குப் பிறகுதான் பல வீடுகளில் அடுப்பு இரண்டாம் முறை எரியும். பகலில் நீங்கள் பார்த்த ஊரும் இதுவும் ஒன்றா என்று ஆச்சரியப்படும் அளவுக்குத் தெருவில் சிரிப்பும் சண்டையும் கேட்கும்.

சனிக்கிழமை சம்பளம் வாங்கிய முகம் வேறு, வியாழக்கிழமை முகம் வேறு. ஞாயிற்றுக்கிழமை இன்னொன்று. வாரம் முழுக்கச் சேர்ந்த துணி, தலைக்கு எண்ணெய், கறிக்கடைக் கூட்டம், மத்தியானத் தூக்கம் எல்லாம் அந்த ஒரு நாளுக்குள் அடங்கும். வேனில் ஏற முடியாத பெண்கள் வீட்டுத் திண்ணையிலேயே கம்பெனி மூட்டையைப் பிரித்துவைத்துப் பிசிறு வெட்டிக்கொண்டிருப்பார்கள். பக்கத்து வாடகை லைன் வீட்டில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள் ஒரே அடுப்பில் முறை போட்டுச் சமைப்பார்கள். பல்லடம், சோமனூர் பக்கம் போனால் விசைத்தறிச் சத்தம் ராத்திரியெல்லாம் ஓடும். அங்கே வளர்ந்தவர்களுக்குச் சத்தம் இருந்தால் தூக்கம் வரும். கரண்ட் போய்த் தறி நின்றால்தான் விழிப்புத் தட்டும்.

இதில் எதையும் ஒரு நாளில் பிடிக்க முடியாது. கேமரா எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் வியாழக்கிழமை வந்தவனுக்குச் சனிக்கிழமை தெரியாது.

ஒரே வீட்டில் இரண்டு நியாயம்

தங்கினால்தான் தெரியும் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அது எங்கள் ஆறு.

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக வந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. பனியன் தொழில் 1920-களிலேயே இங்கே காலூன்றியது. 1970-களின் கடைசியில் வெளிநாட்டு ஆர்டர்கள் வரத் தொடங்கியதும் சாயப்பட்டறைகள் பெருகின. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும், அதுவும் மூட்டை மூட்டையாக. சாயத்தில் பெரும்பகுதி துணியில் தங்கிவிடும். உப்பெல்லாம் கழிவு நீரோடு போய்விடும். பாசனத்துக்காகக் கட்டி 1992-ல் முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் கடைசியில் சாயக்கழிவுதான் தேங்கி நின்றது. அணையைத் திறந்துவிடுங்கள் என்று கேட்க வேண்டிய விவசாயிகள், திறந்துவிடாதீர்கள் என்று கெஞ்சும் நிலை வந்தது. வழக்குக்கு மேல் வழக்கு நடந்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவு போட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. கழிவு நீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அவை பிறகு ஓடின.

அந்த நாட்களில் நிறையப் பேர் வந்து படம் எடுத்தார்கள். சிவப்புத் தண்ணீர், நீலத் தண்ணீர், காய்ந்த தென்னை. எடுக்க வேண்டிய படங்கள்தான். ஆனால் வீட்டுக்குள் போய்ப் பார்த்தவர்கள் குறைவு. அப்பாவின் கிணற்றைக் கெடுத்தது சாயப்பட்டறை. மகனுக்குச் சனிக்கிழமை சம்பளம் கொடுத்ததும் சாயப்பட்டறைதான். பட்டறையை மூடிய அன்று அப்பாவுக்கு நெஞ்சில் பாரம் இறங்கியது. மகன் வேலை போய் உட்கார்ந்திருந்தான். இருவரும் ஒரே சட்டிச் சோற்றைத்தான் தின்றார்கள். யார் பக்கம் நியாயம் என்று அந்த வீட்டு அம்மாவைக் கேட்டால் என்ன சொல்வாள்?

அந்த அம்மாவின் முகத்தில் இருப்பதுதான் எங்கள் பகுதியின் கதை. அதை ஆற்றங்கரையில் நின்று எடுக்க முடியாது. அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார இடம் கிடைத்திருக்க வேண்டும். அவள் உங்களை விருந்தாளியாகப் பார்ப்பதை விட்டுவிட்டு, உங்கள் முன்னாலேயே மகனைத் திட்டவும் அப்பனைச் சமாதானம் செய்யவும் பழகியிருக்க வேண்டும். அதற்கு நாள் ஆகும்.

மூன்று மாதம் மூன்று வருஷமான கதை

இதைச் செய்து காட்டிய ஒருவரின் கதையை எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்வேன்.

ஜப்பானின் தெற்கே மினமாட்டா என்று ஒரு கடற்கரை ஊர். சிஸ்ஸோ என்ற ரசாயனக் கம்பெனி அங்கே பாதரசம் கலந்த கழிவைக் கடலில் விட்டது. அந்தக் கடல் மீனைச் சாப்பிட்ட மக்களுக்கு நரம்பு கெட்டது, கைகால் இழுத்துக்கொண்டது, பார்வை மங்கியது. வயிற்றில் இருந்த பிள்ளைகளும் தப்பவில்லை. 1956-ல் இப்படி ஒரு நோய் இருப்பது அதிகாரபூர்வமாகப் பதிவானது. கம்பெனிக் கழிவுதான் காரணம் என்று அரசு ஒப்புக்கொள்ள 1968 வரை ஆனது. அந்த ஊரில் பலருக்குச் சோறு போட்டதும் அதே கம்பெனிதான். அதனால் நோய் வந்தவர்களை அக்கம்பக்கத்தாரே ஒதுக்கினார்கள். திருப்பூர்க்காரனுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

1971-ல் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் யூஜின் ஸ்மித்தும் அவர் மனைவி எய்லீனும் அங்கே போனார்கள். ஸ்மித் அப்போது உலகப் புகழ் பெற்றவர், ஐம்பது வயதைத் தாண்டியவர். மூன்று மாதம் இருப்பதாகத் திட்டம். இருந்தது மூன்று வருஷம். நோயால் பாதிக்கப்பட்ட ஒரு குடும்பத்தாரின் வீட்டையே வாடகைக்குப் பிடித்துக் குடியிருந்தார்கள். வழக்கு மன்றத்துக்குப் போனாலும், கம்பெனி வாசலில் உட்கார்ந்தாலும், கடலுக்குப் போனாலும் மக்களோடு போனார்கள். 1972-ல் கம்பெனியின் ஒரு தொழிற்சாலைக்கு நோயாளிகளோடு போனபோது கம்பெனி ஆட்கள் அடித்ததில் ஸ்மித்துக்குப் பலத்த காயம். அதற்குப் பிறகும் அவர் ஊரை விட்டுப் போகவில்லை.

அவர் எடுத்தவற்றில் உலகம் முழுக்கத் தெரிந்த படம் ஒன்று உண்டு. பிறவியிலேயே நோய் தாக்கிய மகளை ஒரு தாய் தொட்டியில் குளிப்பாட்டுகிறாள். அந்தப் பெண்ணைத் தாங்கிக்கொண்டு தாய் அவள் முகத்தைப் பார்க்கிறாள். 1971 டிசம்பரில் அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு எடுத்தது. 1972-ல் லைஃப் பத்திரிகையில் வெளியானதும் மினமாட்டா என்ற பெயர் உலகத்துக்கே தெரிந்தது.

நான் பிள்ளைகளுக்குச் சொல்வது அதற்குப் பிறகு நடந்ததைத்தான். அந்தப் பெண் 1977-ல் இறந்துவிட்டாள். படம் மட்டும் ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருந்தது. எங்கள் மகள் ஓய்வெடுக்கட்டும் என்று பெற்றோர் நினைத்தார்கள். ஸ்மித் காலமான பிறகு உரிமை எய்லீனிடம் இருந்தது. அவர் 1990-களின் இறுதியில் பெற்றோரின் மனதை மதித்து அந்தப் படத்தைப் புதிதாக வெளியிடுவதை நிறுத்திவைத்தார். ஒரு நூற்றாண்டில் எடுத்த மிகச் சிறந்த படங்களில் ஒன்று என்று எல்லோரும் சொன்ன படம் அது. பெற்றோருக்காகப் பல வருஷம் பெட்டிக்குள் இருந்தது.

படம் எடுக்கலாம் என்று சொன்னவர்களுக்குப் போதும் என்று சொல்லவும் உரிமை உண்டு. மூன்று வருஷம் ஒரே ஊரில் தண்ணீர் குடித்தவருக்கு அது தெரிந்திருந்தது.

பெயர் கேட்காத பத்து நிமிஷம்

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. 1936-ல் அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தக் காலம். கலிபோர்னியாவில் பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாம் ஒன்றில், கிழிந்த கூடாரத்துக்குள் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த ஒரு தாயை டோரதியா லாங்கே என்ற பெண் புகைப்படக் கலைஞர் எடுத்தார். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. சிறு வயதில் போலியோ வந்து கால் தாங்கி நடந்தவர். ஏழைகளின் நிலையை அரசுக்குக் காட்டவே ஊர் ஊராகச் சுற்றியவர். ஆனால் அங்கே இருந்தது பத்து நிமிஷம். பெயர் கேட்கவில்லை என்று பின்னால் அவரே எழுதினார்.

அந்தப் படம் பத்திரிகையில் வந்ததும் அரசு அந்த முகாமுக்கு உணவு அனுப்பியது. அது வந்து சேருவதற்குள் அந்தத் தாய் பிள்ளைகளோடு வேறு வேலை தேடிப் போய்விட்டிருந்தாள். நாற்பது வருஷத்துக்கும் மேல் கழித்து, 1978-ல், ஒரு பத்திரிகையாளர் அவரைத் தேடிக் கண்டுபிடித்தார். ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது அவர் பெயர். தன் முகம் உலகம் முழுக்கப் போய்விட்டது, தனக்கு அதனால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை என்ற மனக்குறை அப்போது அவருக்கு இருந்தது.

அந்தப் படத்தால் நாட்டுக்கு நல்லது நடந்தது, மறுக்கவில்லை. ஆனாலும் ஊரில் ஒரு வாரம் தங்கியிருந்தால் பெயர் தெரிந்திருக்கும். பெயர் தெரிந்தால் விலாசம் தெரிந்திருக்கும். விலாசம் தெரிந்தால் ஒரு பிரதி போய்ச் சேர்ந்திருக்கும். மரியாதை என்று நாம் சொல்வதெல்லாம் இந்த மாதிரிச் சின்ன வேலைகள்தான்.

ஸ்டுடியோ எனக்குச் சொல்லிக்கொடுத்தது

பிரதி கொடுப்பதை நான் ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், ஒரு படம் ஒரு வீட்டுக்கு என்ன மதிப்பு என்பதை ஸ்டுடியோவில் உட்கார்ந்து பார்த்தவன் நான்.

பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தால் இ.எஸ்.ஐ. கார்டுக்குக் குடும்பப் படம் கேட்பார்கள். அதற்காகவே மதுரைப் பக்கமிருந்தும் தேனிப் பக்கமிருந்தும் பிழைக்க வந்த குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை ஸ்டுடியோவுக்கு வரும். புருஷன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வருவார். மனைவி பிள்ளையின் மூக்கை முந்தானையால் துடைத்துவிட்டு நிறுத்துவாள். ஒரு நிமிஷ வேலை. ஆனால் பல வீடுகளில் குடும்பம் முழுக்கச் சேர்ந்து நின்ற படம் அது ஒன்றுதான். இன்னொரு காப்பி போடுங்க, ஊர்ல அம்மாவுக்கு அனுப்பணும் என்று கேட்டு வாங்கிப்போவார்கள்.

இன்னொரு வேலை, சாவு வீட்டு வேலை. விடியற்காலையில் கதவைத் தட்டுவார்கள். கையில் வாக்காளர் அட்டை இருக்கும். 'இத விட்டா ஆத்தா படம் வேற இல்லீங்க, பெருசு பண்ணிக் குடுங்க' என்பார்கள். அட்டையில் இருப்பது நகம் அளவு முகம். பயந்த மாதிரி விழித்துக்கொண்டு, தலை கலைந்து, கன்னத்தின் மேல் முத்திரையோடு இருக்கும். அந்த முத்திரையை அழிக்க வேண்டும், தலையைச் சீவிவிட வேண்டும், பொட்டு வைக்க வேண்டும், காதில் தோடு வரைய வேண்டும். எல்லாம் செய்து கொடுத்தாலும் அது அந்த ஆத்தா ஆகாது. பேரன் பேத்திகளுக்கு அந்த முகம்தான் ஆத்தா என்று நிலைத்துவிடும்.

எழுபது வருஷம் காட்டிலும் களத்திலும் உழைத்த ஒரு மனுஷிக்கு, உயிரோடு இருக்கும்போது எடுத்த நல்ல படம் ஒன்றுகூட இல்லாமல் போகிறது. அதே ஆத்தாவை, வெற்றிலை மென்றுகொண்டு களத்துமேட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வெளியூரிலிருந்து வந்த யாரோ அழகாக எடுத்துப்போயிருப்பார்கள். அது ஏதோ ஒரு நகரத்தில் கண்காட்சிச் சுவரில் தொங்கும். அவள் வீட்டுச் சுவருக்கு வந்திருக்காது.

எங்கள் ஜனங்கள் படத்துக்கு எப்படி நிற்க விரும்புவார்கள் என்பதையும் ஸ்டுடியோதான் சொல்லிக்கொடுத்தது. நேராக நிற்பார்கள். நல்ல சேலை கட்டிக்கொண்டு நிற்பார்கள். மாட்டோடு நிற்பார்கள், புது வண்டியோடு நிற்பார்கள். லென்ஸை நேருக்கு நேர் பார்ப்பார்கள். வருகிற பிள்ளைகளுக்கு இது பிடிப்பதில்லை. 'என்னைப் பார்க்காதீங்க, உங்க வேலையைப் பாருங்க' என்கிறார்கள். நான் அவர்களிடம் சொல்வேன்: முதலில் அவர்கள் கேட்கிற மாதிரி ஒரு படம் எடுத்துக் கொடு கண்ணு. அது அவர்களுக்கு. பிறகு நீ நினைக்கிற படம் உனக்குத் தானாகவே வரும்.

கொடுத்துப் பழகியவர்கள்

நம் நாட்டில் இதை ஒழுங்காகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். கௌரி கில் என்ற புகைப்படக் கலைஞர் டெல்லியில் பத்திரிகையில் இருந்தவர். ராஜஸ்தான் கிராமம் ஒன்றில் ஒரு சிறுமி பள்ளியில் அடிபடுவதைப் பார்த்தது அவர் மனதை உறுத்தியது. 1999-லிருந்து அந்தப் பாலைவனக் கிராமங்களுக்குத் திரும்பத் திரும்பப் போனார். 2003-ல் லூன்கரன்சர் என்ற ஊரில் பெண் பிள்ளைகளுக்காக ஒரு திருவிழா நடந்தது. அங்கே ஒரு கூடாரம் போட்டு, யார் வேண்டுமானாலும் வந்து தங்களுக்குப் பிடித்த மாதிரி படம் எடுத்துக்கொள்ளலாம் என்றார். எப்படி நிற்பது, யாரோடு நிற்பது, கையில் எதை வைத்துக்கொள்வது எல்லாவற்றையும் பிள்ளைகளே முடிவு செய்தார்கள். அந்தப் படங்கள் பிறகு புத்தகமாயின. பாலைவன மக்களைப் பற்றிய அந்த நீண்ட வேலைக்கு 2023-ல் பிரி பிக்தே என்ற உலகப் பரிசு கிடைத்தது. இருபது வருஷத்துக்கும் மேல் ஓர் இடத்துக்குத் திரும்பிப் போனவருக்குக் கிடைத்த பரிசு அது.

நம் தமிழ்நாட்டில் மதுரைப் பக்கத்துக்காரர் எம். பழனிக்குமார் இருக்கிறார். மீன் விற்ற தாயின் மகன். கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி உயிரை விட்ட துப்புரவுத் தொழிலாளர்களின் குடும்பங்களைப் பல வருஷம் விடாமல் பின்தொடர்ந்தவர். 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்குக் கேமரா அவர்தான். இந்தியக் கிராமங்களின் வாழ்க்கையைப் பதிவு செய்யும் பாரி இணைய இதழில் பணியாற்றியவர். புகைப்படக் கலைஞர் தயானிதா சிங் பெயரில் பாரி வழங்கிய ஆவணப் புகைப்பட விருதை 2022-ல் முதன்முதலாகப் பெற்றவர். எனக்கு அவரிடம் பிடித்தது விருதுகள் இல்லை. உழைக்கும் வீட்டுப் பிள்ளைகள் கையிலும் மீனவப் பெண்கள் கையிலும் கேமராவைக் கொடுத்து, நீங்களே எடுங்கள் என்று சொல்லிக்கொடுத்தார். தன் தொழிலையே தான் படம் எடுத்த மக்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்.

அந்தப் பாரியைத் தொடங்கிய பி. சாய்நாத், 1993 முதல் 2002 வரை பத்து மாநிலங்களில் வேலை செய்யும் பெண்களை எடுத்த படங்களைக் கண்காட்சியாக வைத்தார். அரண்மனை மாதிரியான கூடங்களை மட்டும் நம்பாமல் பஸ் ஸ்டாண்டிலும் ரயில் நிலையத்திலும் தொழிற்சாலை வாசலிலும் கொண்டுபோய் வைத்தார். எந்தப் பெண்களின் கதையோ, அந்தப் பெண்களே வேலைக்குப் போகிற வழியில் நின்று பார்த்தார்கள். திருப்பூர் காதர்பேட்டைச் சந்திலோ பெருமாநல்லூர் பஸ் நிறுத்தத்திலோ அப்படி ஒரு கண்காட்சி வைத்தால், எட்டரை மணி ஷிப்ட் விட்டு வருகிற ஜனம் நின்று பார்க்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வந்து தங்கப்போகிறவர்களுக்கு

இனி, தங்குவது என்று முடிவு செய்துவிட்ட பிள்ளைகளுக்கு இந்தக் கிழவன் சொல்வது.

முதல் சில நாள் கேமராவை வெளியே எடுக்காதே. வேன் வரும் முக்கில் போய் நில். டீக்கடையில் உட்கார். ஏனுங்க, எந்தூருங்க, யார் வீட்டுக்கு வந்திருக்கீங்க என்று கேட்பார்கள். உன் அப்பா அம்மா பற்றிக்கூடக் கேட்பார்கள். பதில் சொல். நீ யார் என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு உரிமை இருக்கிறது. உன்னைப் பற்றிச் சொல்லாமல் அவர்களைப் பற்றிக் கேட்பது நியாயமில்லை.

வயதைப் பார்த்து அக்கா, அண்ணா, ஆத்தா, அப்புச்சி என்று கூப்பிடு. பெயரைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொள். அடுத்த நாள் பெயர் மறந்து போய் நிற்காதே.

பீஸ் ரேட்டில் தைக்கிற அக்காவை அரை மணி நேரம் படத்துக்காக நிறுத்தினால், அந்த வாரக் கணக்கில் அவளுக்கு அத்தனை பீஸ் குறையும். அந்தக் காசு அவளுக்குப் பெரிது. ஷிப்மென்ட் நெருக்கத்தில் போய்க் கேமராவை நீட்டாதே. அவள் ஓய்வாக இருக்கும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை காத்திரு. அப்போதும் அவளுக்குத் தூக்கம் வந்தால் தூங்க விடு.

மில் விடுதியில் இருக்கும் இளம் பெண்களை எடுக்கும்போது நூறு முறை யோசி. உனக்கு அது நல்ல படம். அவள் வேலைக்கும் அவள் வீட்டில் அவள் பெயருக்கும் அது என்ன செய்யும் என்று உனக்குத் தெரியாது. செல்போனில் ஒரு படம் சுற்றத் தொடங்கினால் யாராலும் நிறுத்த முடியாது. முகம் இல்லாமல் எடுக்கலாம், எடுக்காமலும் விடலாம். எடுக்காமல் விட்ட படத்துக்கு யாரும் விருது கொடுக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பெண் நிம்மதியாக வேலைக்குப் போய் வருவாள்.

கஷ்டத்தை மட்டும் தேடாதே. சீட்டுப் பணம் எடுத்துத் தோடு வாங்கியவள் முகத்தையும் எடு. மகளை இன்ஜினியரிங் சேர்த்த செக்கிங் அக்காவின் பெருமையையும் எடு. மனிதரைப் பரிதாபத்தோடு மட்டும் பார்ப்பதும் ஒருவகையில் அவர்களைக் குறைத்துப் பார்ப்பதுதான்.

எடுத்ததை அவர்களிடம் காட்டு. வேண்டாம் என்று அவர்கள் சொல்கிற படத்தை விட்டுவிடு. பிரதி போட்டு வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடு. செல்போனுக்கு அனுப்பினேன் என்று சொல்லித் தப்பிக்காதே. போன் உடைந்தால் படமும் போய்விடும். கண்ணாடி போட்ட படம் இரண்டு தலைமுறைக்கு நிற்கும்.

இந்த அறிவுரையில் கேமரா என்ற சொல்லை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். கிராமத்துக்கு மாற்றலாகி வந்த வாத்தியாருக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்த டாக்டருக்கும், கணக்கெடுக்க வருகிற அதிகாரிக்கும் இதுவேதான். முதலில் இருந்து பழக வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவர்கள் நேரத்துக்கு விலை இருப்பதை உணர வேண்டும். வாங்கிக்கொண்டதற்கு ஈடாக ஏதாவது விட்டுவிட்டுப் போக வேண்டும். குடும்பத்துக்குள் புதிதாக வருகிற மருமகனுக்கும் மருமகளுக்கும்கூட நான் இதைத்தான் சொல்வேன்.

திருப்பூர்க்காரர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். பல்லாயிரம் கோடி ரூபாய்க்கு உலகத்துக்கே உடுத்தக் கொடுக்கிற ஊர் நம்முடையது. அதை உடுத்துகிறவர்களுக்குத் தைத்தவர்களின் முகம் தெரியாது. தெரியவைக்கும் வேலையை யாரோ வெளியூர்க்காரர் ஒரு நாளில் செய்துவிட்டுப் போகட்டும் என்று ஏன் விட வேண்டும்? ஊராட்சிகளில் பூட்டிக் கிடக்கும் கட்டடங்கள் இருக்கின்றன. ஏற்றுமதியாளர்களிடம் மனமும் பணமும் இருக்கிறது. ஊத்துக்குளியில் ஒன்று, பல்லடத்தில் ஒன்று, ஒரத்துப்பாளையத்தில் ஒன்று என்று கட்டடங்களைத் திறந்து, வருஷத்துக்கு ஒரு புகைப்படக் கலைஞரை ஆறு மாதம் தங்கவைப்போம். எதை எடுக்க வேண்டும், எதை எடுக்கக் கூடாது என்று கம்பெனி சொல்லக் கூடாது. அதை எடுக்கப்படுகிறவர்களே சொல்லட்டும். படங்களை முதலில் அந்த ஊர்க் கோயில் திடலில் வைத்த பிறகுதான் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்ப வேண்டும். படத்தில் இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பிரதி கட்டாயம். அந்த ஊரில் ஆசைப்படுகிற நான்கு பிள்ளைகளுக்காவது படம் எடுக்கக் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் கலைஞர் கிளம்ப வேண்டும்.

அப்படிக் கற்றுக்கொண்ட பிள்ளைகளில் ஒருத்தி தன் ஊரைத் தானே எடுப்பாள். தங்கிப் பழகுகிற சிரமம் அவளுக்கு இருக்காது; வியாழக்கிழமை முகமும் சனிக்கிழமை முகமும் அவளுக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். அந்த நாள் வரும் வரை வெளியிலிருந்து வருகிற பிள்ளைகளை மோர் கொடுத்து வரவேற்போம். வந்தவர்கள் அவசரப்படாமல் இருக்கட்டும்.